நாணலும் அரிவாளும்: சூக் ஏரிக்கரையின் வரலாறு

நீரில் வளரும் செடி நீரைத் தூய்மையாக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதி உண்மைதான் உண்டு. செடி நீரில் கரைந்திருப்பதைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. அது நின்ற இடத்திலேயே மடிந்து அழுகுமானால் வாங்கியதையெல்லாம் திரும்ப அந்த நீருக்கே கொடுத்துவிடுகிறது. கண்மாயில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை சாக்கடையின் சத்தை விரைந்து உறிஞ்சுவதும், கோடையில் நீர் வற்றும்போது அங்கேயே அழுகி நாறுவதும் தமிழ்நாட்டில் கண்கூடு. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம், கலித்தொகையில் உவமையாக வரும் அளவுக்குப் பழையது. ஆனால் அங்கும் நடப்பது மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிவதுதானே தவிர, அவை குடத்தை விட்டு வெளியேறுவதில்லை. மேல்நீரை மெல்ல வேறு கலத்தில் வடித்துக்கொள்ளும் கை ஒன்று வேண்டியிருக்கிறது. செடி செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் பிரித்துப் பார்க்காமல் செடியால் நீரைத் தூய்மையாக்கும் துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது என்பதற்கு, சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள சூக் ஏரியும் அதன் நாணற்கரையும் தெளிவான சான்று.

சூக் என்பது ஊருக்கும் ஏரிக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பெயர். கன்டோன் எனப்படும் சுவிஸ் மாநிலங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான இது, இன்று குறைந்த வரிக்காகவும் பன்னாட்டு வணிக நிறுவனங்களுக்காகவும் உலகில் அறியப்படுகிறது. பெயரோ மீனவர்களிடமிருந்து வந்தது. 'சூக்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு இழுப்பு என்று பொருள். கரையில் நின்று வலை இழுக்கும் உரிமையைக் குறித்த சொல்லே ஊர்ப்பெயராக நிலைத்தது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 38 சதுர கிலோமீட்டர். தென்பகுதியில் ஆழம் 198 மீட்டர் வரை செல்கிறது. கொள்ளளவு ஏறக்குறைய 3.2 கன கிலோமீட்டர். இந்த ஏரியின் தலைவிதியைத் தீர்மானித்தது இதன் ஆழம் மட்டுமன்று, இதற்கு நீர் வரும் வழியும்தான். எகெரி ஏரியிலிருந்து இறங்கிவரும் லோர்ட்சே ஆறு, சூக் ஏரியின் வடகரையில் புகுந்து, சில கிலோமீட்டர் தொலைவிலேயே, அதே வடகரையில் காம் என்னும் ஊரருகே வெளியேறிவிடுகிறது. முன்வாசலில் நுழைந்த விருந்தாளி திண்ணையோடு திரும்பிவிடுவதைப் போன்ற நிலை இது. தெற்கிலுள்ள ஆழ்ந்த நீரை அந்த ஆறு தொடுவதே இல்லை. எனவே ஏரியின் நீர் முழுதாக ஒருமுறை மாறப் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடியில் சேர்ந்தது எளிதில் வெளியே போகாது.

ஆறு புகும் அந்த வடகரை தாழ்வானது, சேறு நிறைந்தது. வெண்கலக் காலத்து மக்கள் மரத்தூண்கள் நட்டு வீடு கட்டி வாழ்ந்த இடம் ஒன்று இங்கே உள்ளது. அதன் பெயரே 'சும்ப்ஃப்', அதாவது சதுப்பு. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆல்ப்ஸ் பகுதித் தூண்வீட்டுக் குடியிருப்புகளில் இதுவும் சேர்ந்தது. 1591–92இல் யோஸ்ட் க்னோப்ஃப்லி என்பவரின் பொறுப்பில், காம் அருகே லோர்ட்சேயின் வெளியேறும் வாய் ஆழப்படுத்தப்பட்டு ஏரியின் மட்டம் கணிசமாக இறக்கப்பட்டபோது, நீருக்குள் கிடந்த நிலத்தின் ஒரு பகுதி வெளிப்பட்டது. உழவுக்கு ஆகாத, காலிட்டால் அமிழும் இந்த ஈரநிலத்தில் நாணலும் கோரையும் ஓங்கின. லோர்ட்சேயின் கழிமுகத்தை ஒட்டிய கொல்லர் என்னும் இடத்தில் (தமிழ்க் காதுக்கு உலைக்களத்தை நினைவூட்டினாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை) இன்றும் அந்த நாணற்பரப்பு காப்பகமாக எஞ்சியிருக்கிறது.

நாணல் நீரில் செய்வது என்ன என்பதை இங்கே விளக்குவது நன்று. இரண்டு ஆள் உயரம் வளரும் இந்தப் புல்லின் தண்டு கணுக்களுக்கிடையே குழலாக இருப்பது தெரிந்ததே. அந்தக் குழல் வழியாகவும் தண்டின் திசுவிலுள்ள காற்றறைகள் வழியாகவும் மேலிருந்து காற்று இறங்கி, மூச்சுத்திணறும் கருஞ்சேற்றுக்குள் கிடக்கும் வேர்த்தண்டை எட்டுகிறது. வேரைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஆக்சிஜன் உள்ள ஒரு படலம் உண்டாகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் சாணத்திலும் சிறுநீரிலும் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்தப் படலத்தைத் தாண்டிச் சற்றே விலகினால் ஆக்சிஜன் அற்ற சேறு. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஆக, நைட்ரஜனைப் பொறுத்தவரை நாணற்காடு அதை உண்மையாகவே நீரிலிருந்து வெளியேற்றுகிறது. பாஸ்பரஸின் கதை வேறு. அதற்கு வாயு வடிவம் எடுத்துப் பறந்துபோகும் வழி கிடையாது. சேற்றிலுள்ள இரும்போடு ஒட்டிக்கொள்ளும், அல்லது செடியின் உடலில் ஏறும்; இரண்டும் தற்காலிகக் குடியிருப்புகளே. ஏரியைக் கெடுக்கும் பாசிப் பெருக்கத்துக்கு முதற்காரணம் இந்த பாஸ்பரஸ்தான் என்பதால், அதை யார் எடுத்துச் சென்றார்கள் என்னும் கேள்வி முக்கியமாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு எளிய விடை இருந்தது: மாடு வைத்திருந்தவர்கள் எடுத்துச் சென்றார்கள். அந்த வட்டாரத்துப் பேச்சில் 'ஷ்ட்ரோயி' எனப்படுவது, தொழுவத்தில் மாட்டுக்குக் கீழே விரிக்கப்படும் படுக்கைத் தாள். குளிர்காலம் முழுவதும் மாடுகள் தொழுவத்துக்குள்ளேயே கட்டிக் கிடக்கும் நாட்டில், ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த தாள் இல்லாமல் மாட்டைக் காப்பாற்ற முடியாது. நெல் விளையும் நாட்டில் வைக்கோல் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. கோதுமை விளைந்த ஐரோப்பிய ஊர்களில் அது மாட்டின் அடியில் விரிக்கப்பட்டது. கோதுமையே விளையாதபோது? அந்த நிலைமைதான் இங்கே வந்தது. 1864இல் சூக்கிற்கு ரயில் வந்தது. ரயிலோடு வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்தது. உழவர்கள் கழனியைப் புல்வெளியாக மாற்றிப் பாலுக்குத் திரும்பினார்கள். 1866இல் அமெரிக்கரான பேஜ் சகோதரர்கள் காம் ஊரில் ஐரோப்பாவின் முதல் கெட்டிப்பால் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு, இலங்கைச் சமையலறை அலமாரிகளில் தலையில் பால்பாத்திரம் சுமந்த பெண்ணின் படத்தோடு நிற்கும் மில்க்மெய்ட் டின்னின் பூர்வீகம் இந்த ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனமே. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. பால் பெருகிற்று, மாடு பெருகிற்று, வைக்கோல் மறைந்தது. அதுவரை ஒதுக்குப்புறமாகக் கிடந்த சதுப்புக்கு அப்போதுதான் விலை பிறந்தது.

அந்த விலையின் அளவுக்குச் சான்றாக ஒரு நூலையே சொல்லலாம். சூரிச்சில் விதைப் பரிசோதனை நிலையத்தை நடத்திய வேளாண் அறிஞர் ஃபிரீட்ரிக் கோட்லீப் ஸ்டெப்ளர், தீவனப் புற்களைப் பற்றிய தம் வரிசை நூல்களில் ஒன்றைச் சிறந்த படுக்கைத் தாள் செடிகளுக்காகவே ஒதுக்கி 1898இல் வெளியிட்டார். தின்னத் தகாத புல்லுக்கு ஒரு முழு நூல் எழுதவேண்டியிருந்தது என்றால், அந்தப் புல் எந்த அளவுக்குப் பொருளாதாரமாகியிருந்தது என்பது விளங்கும். நல்ல தீவன வயலுக்குக் கிடைத்ததைவிடத் தாள்நிலத்துக்குக் கூடுதல் விலை கிடைத்த காலமும் இடமும் உண்டு. சதுப்பை வடிகட்டி வயலாக்குவதுதான் முன்னேற்றம் என்று மற்ற இடங்களில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர்களில் சதுப்பைச் சதுப்பாகவே காப்பாற்றி வைத்ததற்கு இயற்கைப் பற்று காரணமன்று. தொழுவத்தின் தேவையே காரணம்.

அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிந்து செடி பழுத்து மஞ்சளான பிறகு நடக்கும். நீண்ட கைப்பிடி கொண்ட, நின்றபடியே வீசி அறுக்கும் பெரிய அரிவாளே கருவி. காலடியில் நீர் ஊறும் நிலத்தில் வண்டி இறங்காது என்பதால், அறுத்த தாளை உலர்த்தி, நிலத்தில் ஊன்றிய ஒற்றைக் கம்பத்தைச் சுற்றி, மேலே கூம்பி மழை வழிந்தோடும்படி, ஆளுயரத்துக்கு மேல் போராக அடுக்குவார்கள். 'ட்ரிஸ்டே' எனப்படும் இந்தப் போர், தமிழ்நாட்டுக் களத்து வைக்கோற்போருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போலத் தோன்றும். ஒரே வேறுபாடு, இதன் நடுவே கம்பம் நிற்கும். நிலம் உறைந்து கல்லாகும் மாதங்களில் அந்தப் போரைப் பிரித்துச் சறுக்குவண்டியில் ஏற்றித் தொழுவத்துக்கு இழுத்துச் செல்வார்கள். அங்கே அது சாணத்தையும் சிறுநீரையும் குடித்து எருவாகி, இளவேனிலில் மேட்டுப் புல்வெளிக்குப் போகும். ஏரியோரத்தில் விளைந்தது இவ்வாறு ஒவ்வொரு ஆண்டும் மேடேறியது. ஏரி வற்றிய பங்குனி, சித்திரையில் வண்டலை வெட்டி வயலுக்கு வண்டியடித்த தமிழ்நாட்டு உழவரும், மழையோடு கீழே இறங்கிய சத்தை மீண்டும் மேலே ஏற்றும் அதே காரியத்தைத்தான் செய்தார். இருவருமே நீரைத் தூய்மைப்படுத்துவதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக வரைந்துவிடுவதும் தவறு. இலையுதிர் காலத்தில் அறுக்கப்படும் சதுப்புப் புற்கள், மஞ்சளாவதற்கு முன்பே தம் இலையிலுள்ள சத்தின் பெரும்பகுதியை வேருக்கு இறக்கிவிடுகின்றன. எரு இடாமலேயே ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் அறுத்துக்கொண்டிருக்க முடிந்ததன் ரகசியம் அதுவே. நாணலும் அவ்வாறுதான். ஆகவே உலர்ந்த தாளோடு கரையேறிய பாஸ்பரஸ், பசுமையாக இருக்கையில் அறுத்திருந்தால் ஏறியிருக்கக்கூடியதில் ஒரு பங்கே. பசுமையில் அறுத்தாலோ நாணல் சில ஆண்டுகளில் நலிந்துவிடும். அன்றைய ஏரி தெளிவாக இருந்ததற்கு முதன்மையான காரணம், அதற்குள் வந்துசேர்ந்ததே குறைவு என்பதுதான். மனிதக் கழிவு தொட்டிகளில் சேர்ந்து வயலுக்குப் போயிற்று. மாட்டுக்குப் போட்ட தீனி அக்கம்பக்கத்திலேயே விளைந்தது. வரவு குறைவாக இருந்த காலத்தில் நாணற்கரை செலவைப் பார்த்துக்கொண்டது.

அந்தக் கணக்கு இரு முனைகளிலிருந்தும் உடைந்தது. நகரத்தின் முன்கரையில் நாணலும் சேறும் கிடந்த இடத்தில் கற்சுவரும் நடைபாதையும் எழுந்தன. அந்த மென்மண் எவ்வளவு நம்பத் தகாதது என்பதைக் கரைகட்டும் பணி நடந்துகொண்டிருந்த 1887ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று நகரம் கண்டது: ஃபோர்ஷ்டாட் என்னும் கரையோரப் பகுதியில் 35 கட்டடங்கள் ஏரிக்குள் சரிந்தன; 11 பேர் இறந்தனர். அந்த விபத்துக்குப் பிறகும் கரையை நேராக்கிக் கட்டும் ஆசை நின்றுவிடவில்லை. மறுமுனையில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வெளியிலிருந்து வாங்கிய தீவனமும் செயற்கை உரமும் ஏரியைச் சூழ்ந்த பண்ணைகளில் மாட்டையும் பன்றியையும் பெருக்கின. தாள் விரித்து எருக்குவிக்கும் தொழுவங்கள், சாணத்தையும் சிறுநீரையும் ஒன்றாகக் கரைத்துத் தொட்டியில் தேக்கிக் குழாயால் பீய்ச்சும் முறைக்கு மாறின. சாணக்கரைசல் சுவிஸ் உழவுக்குப் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்குள்ள வேளாண் சீர்திருத்தக்காரர்கள் அதைப் போற்றினார்கள். புதியது அதன் அளவு. குவித்த எரு இடத்தில் கிடக்கும். கரைசலோ மழைக்குக் காத்திருக்கும். தாளின் தேவை அற்றுப்போனதால் கரையில் அரிவாள் நின்றது. அதே காரணத்தால் மேட்டிலிருந்து பாஸ்பரஸ் பாயத் தொடங்கியது. தொழுவத்தில் நடந்த ஒரே மாற்றம் ஏரியின் வரவையும் செலவையும் சேர்த்துக் கெடுத்த இந்த இடம், பெரும்பாலான ஏரி வரலாறுகளில் போதிய அழுத்தம் பெறுவதில்லை.

வீடுகளிலிருந்து வந்த சாக்கடையும் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளும் மீதியைச் செய்தன. 1980களின் தொடக்கத்தில் ஏரிநீரில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தது. பாசி பெருகி, மடிந்து, அடியில் அழுகி, ஆழ்நீரின் ஆக்சிஜனைத் தின்றது. காற்று கலக்காத அந்த ஆழத்திலே இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸும் பிரிந்து நீரில் கரைந்தது. இப்படிப் பழைய கடன் வட்டி போட்டது. பர்கண்டி இரத்தம் என்று சுவிஸ் மக்கள் அழைக்கும் செந்நிற நுண்பாசி, 1825இல் முர்ட்டன் ஏரியில் முதன்முறையாக அறிவியலார் கண்ணில் பட்டது. சூக் ஏரியும் அதற்கு இடம்கொடுத்தது. முட்டைகள் அடிச்சேற்றில் மூச்சற்றுப் போனதால் ஆழ்நீரில் முட்டையிடும் மீன்கள் முதலில் மறைந்தன. 2023இல், அருங்காட்சியகச் சேமிப்பிலிருந்த பழைய மாதிரிகளையும் ஆராய்ந்து இப்பகுதி ஏரிகளின் வெண்மீன் இனங்களை மறுவகைப்படுத்திய ஆய்வாளர்கள், சூக் ஏரியில் அழிந்துபோன ஓர் இனத்துக்குத் துடைத்தழிக்கப்பட்டது என்னும் பொருளில் ஒப்லிட்டெரஸ் என்றும், தப்பிய ஓர் இனத்துக்கு எஞ்சியிருக்கிறேன் என்னும் பொருளில் சூப்பர்சும் என்றும் இலத்தீன் பெயர் சூட்டினார்கள்.

ஏரி நோயுற்ற இதே பத்தாண்டுகளில், நாணலைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் கலை பக்கத்து நாட்டில் அறிவியலாக உருவெடுத்துக்கொண்டிருந்தது குறிப்பிடத்தக்கது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்னும் தாவரவியலாளர், ஏரிக்கோரை வகையொன்று ஃபீனால் போன்ற நச்சுப்பொருள் கலந்த நீரையும் தாங்கி அதைக் குறைக்கிறது என்று காட்டினார். அவரோடு பணியாற்றிய ரைன்ஹோல்ட் கிக்குத், மண்ணில் நாணல் நட்டு வேர்மண்டலத்தினூடே கழிவுநீரைச் செலுத்தும் முறையை வகுத்தார். 1974இல் ஒத்ஃப்ரேசன் என்னும் ஊரில் அது செயலுக்கு வந்தது. இன்று ஆரோவில் போன்ற இடங்களில் காணப்படும் செடிப்படுகை வடிகட்டிகள் இந்த மரபின் வழித்தோன்றல்களே. அப்படியிருக்க, நாணல் சூழ்ந்த சூக் ஏன் அந்த வழியை நாடவில்லை?

விடை கணக்கில் இருக்கிறது. 3.2 கன கிலோமீட்டர் நீரில் கன மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால், ஏரிக்குள் கரைந்திருந்த பாஸ்பரஸ் ஏறத்தாழ 640 டன். ஒரு ஹெக்டேர் நாணலைப் பசுமையின் உச்சத்தில் அறுத்தால் தாராளமாக மதிப்பிட்டாலும் இருபது கிலோ பாஸ்பரஸ்தான் கையில் சேரும். அந்த 640 டன்னை ஒரே ஆண்டில் நாணல் வழியாக எடுக்க 32,000 ஹெக்டேர் நாணற்காடு வேண்டும். ஏரியின் பரப்போ 3,800 ஹெக்டேர், சூக் மாநிலம் முழுவதுமே ஏறத்தாழ 23,900 ஹெக்டேர். நோய்க்குப் பின் மருந்தாக நாணலை நினைத்திருந்தால் நகரத்தையும் மலையையும் சேர்த்து நட்டிருக்க வேண்டும். ஆகவே வரவை அடைப்பதே வழியாயிற்று. ஏரியைச் சூழ்ந்த ஊர்களின் சாக்கடை குழாய்களில் திரட்டப்பட்டு, காம் அருகேயுள்ள ஷ்யோனாவ் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. 1970களில் இயங்கத் தொடங்கிய அந்நிலையம், தூய்மையாக்கிய நீரை ஏரிக்குள் விடாமல் அதற்குக் கீழே லோர்ட்சேயில் விடுகிறது. துணி வெளுக்கும் தூளில் பாஸ்பேட்டை 1986இல் சுவிட்சர்லாந்து தடைசெய்தது. பாஸ்பரஸ் அளவு பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 80 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. அதற்கே நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ஆறு திண்ணையோடு திரும்பும் ஏரியில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

நாணலுக்குக் கிடைத்தது வேறு வகை வாழ்வு. 1966ஆம் ஆண்டின் இயற்கை, ஊர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கரையோர நாணலையும் கோரையையும் அழிப்பதையும் மண் கொட்டி மூடுவதையும் தடுத்தது. சூக் மாநில எல்லையை ஒட்டிய ரோத்தன்தூர்ம் சதுப்பில் ராணுவப் பயிற்சித்தளம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கம், 1987 டிசம்பர் 6 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வென்று, சதுப்புநிலப் பாதுகாப்பை நாட்டின் அரசியலமைப்பிலேயே ஏற்றியது. அப்போதுதான் ஓர் இக்கட்டு தெளிவாயிற்று: வேலி போட்டுக் காத்தால் மட்டும் தாள்நிலம் தாள்நிலமாக இராது. அறுப்பு நின்ற சில ஆண்டுகளில் பழைய தாள் மக்கிக் குவிந்து, புதர் முளைத்து, பின் மரம் ஏறிவிடும். ஈரநிலத்து மலர்களும் அவற்றை நம்பிய பூச்சிகளும் ஒளியின்றி மறையும். தொழுவத்துக்குத் தேவைப்படாத அறுவடையை இப்போது அரசு பணம் கொடுத்து நடத்தவேண்டியிருக்கிறது.

ஆகவே இன்றும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தாள்நிலங்களில் அறுப்பு நடக்கிறது. செப்டம்பர் 1க்கு முன் கத்தி வைக்கக்கூடாது என்பது விதி. அமிழாத அகலச் சக்கரம் கொண்ட இலகுவான இயந்திரம் அரிவாளின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பறவையும் பூச்சியும் ஒண்டிக்கொள்ளப் பழைய நாணலின் சில பட்டைகளை அறுக்காமல் நிறுத்திவைக்கிறார்கள். கட்டிய தாளில் ஒரு பகுதி இன்னும் சில தொழுவங்களுக்குப் போகிறது; வாங்க ஆளில்லாதது மட்கு உரமாகிறது. மானியம் பெறும் உழவருக்குத் தாளை என்ன செய்வது என்பதில் விருப்பம் உண்டு. ஆனால் அறுத்ததை அறுத்த இடத்திலேயே விட்டுவைக்க மட்டும் இடமில்லை, அதை அள்ளி நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.